வண்டி திரும்பி வரும்!

புதுவயல் பக்கம் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. காலை வேளையில் சாலையோரமெல்லாம் ஜனங்கள் கூடி, "வண்டி வருது, வண்டி வருது!" என்று கூச்சலிட்டால், ஏதோ அரிசி மில்லுக்கு நெல் வண்டி வருகிறதென்று அடுக்களையிலேயே இருந்துவிடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் ஏமாந்தேன். வாசலுக்கு ஓடி வந்தபோது புழுதிதான் மிச்சம்.

"போனா என்ன ஆத்தா, இதே வழியாத்தானே திரும்பி வரணும்!" என்றார் அந்த வீட்டு ஆச்சி.

அதுதான் முதல் பாடம். இங்கே நடப்பது எல்கைப் பந்தயம். குறித்த எல்லை வரை ஓடி, அங்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே மாட்டு வண்டிகள் வந்து சேர வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்து ரேக்ளாவில் 200 அல்லது 300 மீட்டர்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இங்கேயோ பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல், சின்ன மாட்டுக்கு 6 மைல் என்று வைக்கிறார்கள். (ஊரெல்லாம் கிலோமீட்டர் வந்த பிறகும் பந்தயக்காரர்கள் மைலை விடவில்லை!) நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்றும் பிரிவுகள் உண்டு. கரிச்சானும் பூஞ்சிட்டும் குருவிப் பெயர்கள். பெயர் வைத்தவர் ரசிகர்தான்.

புறப்படும் இடத்தில் நெரிசலில் நிற்காதீர்கள். பாதி வழியில், உயரமான திண்ணையாகப் பார்த்து உட்காருங்கள். போகும்போது எந்த ஜோடி முன்னால், எது பின்னால் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்த வரிசை அப்படியே இருப்பது அபூர்வம். நடுவில் சாலையைக் கடக்கவே கூடாது. குழந்தைகளின் கையை விடவும் கூடாது. வண்டிகளைவிடப் பின்னால் துரத்திவரும் மோட்டார் சைக்கிள் பிள்ளைகளிடம்தான் எனக்குப் பயம்.

சாரதியைப் பார்த்தால் போதாது; வண்டியோடு கூடவே ஓடுகிறாரே, அவரையும் பாருங்கள். பெல்ஜியத்தில் குளிர்காலத்துச் சேற்றில் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. மேடு வந்தால் வீரர் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். மாட்டைத் தூக்க முடியுமா? ஆகவே நம்மவர் பக்கத்தில் ஓடுகிறார்.

கம்பையும் கவனியுங்கள். மாடுகள் படும் வதையைச் சொல்லித்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். அதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்வானேன்? அடித்து ஓட்டுகிறவன் முதலில் வந்தாலும் நான் கை தட்டுவதில்லை.

அன்று ஆச்சி சொன்னபடியே வண்டிகள் திரும்பின. போகும்போது மூன்றாவதாகப் போனதாம், அந்த ஜோடி முதலில் வந்தது. பந்தயம் முடிந்து அவர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்றபோது, கூட ஓடிய பையனுக்கு மூச்சு வாங்கியது. ஆச்சி செம்பில் நீர்மோர் நீட்டினார். "மாட்டுக்கு முதல்ல தண்ணி குடுங்க ஆச்சி" என்றான் அவன்.