எண்ணெய்க்கு ஏற்றும் பெருமை

அசோக் நகரிலும் மாம்பலத்திலும் வாழும் நடுத்தரக் குடும்பங்களின் ஸ்நான அறைகளிலே தேங்காயெண்ணெய்க் குப்பியும், 1944-ஆம் வருஷம் தோன்றித் திருவான்மியூரில் இன்றும் இயங்கிவரும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகத்தின் தைலமும் அருகருகே வீற்றிருப்பது நம் சம்பிரதாயத்தின் ஜீவசக்திக்குச் சான்றேயாயினும், அச்சம்பிரதாயம் சொல்லாததையெல்லாம் அதன் பெயரால் விளம்பரக்காரர்கள் சொல்லிவருவதை நாம் சகித்துக்கொண்டிருப்பது நியாயமன்று.

எண்ணெயின் மகிமை கற்பனையல்ல. 2003-இல் ரேலே, மோகிலே என்னும் விஞ்ஞானிகள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, முதலாவது மட்டுமே, தன்னிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு கேசத்தின் உள்ளே புகும் இயல்புடையதாகையால், புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்ததெனக் கண்டனர். முழுகுமுன் எண்ணெய் தடவச் சொன்ன பாட்டிமார் வீண்வார்த்தை பேசியவர்களல்லர்.

ஆனால் இவ்வளவும் முளைத்துவிட்ட, உயிரற்ற மயிரிழைக்குச் செய்யும் சம்ரட்சணையே. பரம்பரையாலும் ஹார்மோனாலும் சுருங்கிப்போன வேர்ப்பையிலே புதுமயிரை முளைப்பிக்கத் தேங்காயெண்ணெய்க்குச் சக்தியுண்டென்பதற்கு நிரூபணமில்லை. பொடுகுள்ளவர் நிலைமையோ இன்னும் விபரீதம்: மலசீசியா என்னும் பூஞ்சைக்குக் கொழுப்பே ஆகாரமாதலால், இரவெல்லாம் எண்ணெய் ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். அவர்களும், திட்டுத்திட்டாக முடி உதிரக் காண்போரும், எண்ணெய்க் கடைக்குமுன் சரும வைத்தியரை நாடுவதே விவேகம்.

வழுக்கையை நீக்குவதாகவோ புதுமயிர் வளர்ப்பதாகவோ மருந்துகள் மார்தட்டலாகாதென்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. கூந்தல் தரையைத் தொடும் நங்கையின் சித்திரத்தோடு அழகுசாதனமென்று விற்பனைக்கு வரும் எண்ணெய்க் குப்பிகளிடமும் அதே கண்டிப்பை அதிகாரிகள் காட்டவேண்டும்.