முடி கொட்டாத நாயும் மூச்சிரைக்கிற பையனும்

நம்ம பட்டினத்துல நாய் வளர்க்கிறது ஒரு பெரிய சமாச்சாரமே இல்லை. வாசல்ல ஒண்ணு படுத்திருக்கும். ரெண்டு வேளை மிச்ச சோத்தை வெச்சா அது நம்ம வீட்டு நாய். திருமலைராயன் பேரையும் சேர்த்து, தேங்காய்க்கும் நாய்க்கும் சிலேடை பாடினவர் நம்ம காளமேகம். (அப்புறம் கோவத்துல ஊர் மேல மண்மாரி பொழியட்டும்னு அறம் பாடினதா சொல்ற கதை தனி. அதுக்கு நாய் காரணமில்லை.)

இப்போ பிரச்சனை என்னன்னா, எங்க அக்கா வீட்டுல பூடில் கிராஸ் ஒண்ணு வாங்கியே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாங்க. காரணம் அக்கா பையன். ஒன்பது வயசு. பனி ஆரம்பிச்சா வீசிங், இன்ஹேலர் இல்லாம ஸ்கூலுக்குப் போறதில்லை. ஆனா நாய் வேணும்னு ஒரே அழுகை. பாரிஸ்ல ஒரு சித்தப்பா வீட்டுல (காரைக்கால் பக்கம் பாதிப் பேருக்கு பாரிஸ்ல ஒரு சித்தப்பா இருப்பார், கண்டுக்காதீங்க) சுருட்டை முடியோட ஒண்ணு இருக்கு. சோபாவுல ஒத்த முடி கிடையாதாம். இங்க விக்கிறவர் போன்ல, "முடி கொட்டாது மேடம், அலர்ஜியே வராது"ன்னு சத்தியம் பண்றார். அந்த ரெண்டாவது சத்தியம்தான் எனக்கு ஆவலை.

இந்தக் கதை ஆரம்பிச்ச இடத்தையே பாருங்களேன். 1980கள் கடைசியில ஆஸ்திரேலியாவுல பார்வையற்றவங்களுக்கு வழிகாட்டி நாய் பழக்கற அமைப்புல வாலி கான்ரன்னு ஒருத்தர் வேலை பார்த்தார். ஹவாய்லேர்ந்து பார்வையில்லாத ஒரு அம்மா, வழிகாட்டி நாய் வேணும், ஆனா என் வீட்டுக்காரருக்கு நாய்னா அலர்ஜின்னு எழுதிக் கேட்டாங்க. கான்ரன் 33 பூடில்களைப் பார்த்தார், ஒண்ணும் அந்த வேலைக்குத் தேறலை. கடைசியில லேப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூணு குட்டி. முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போச்சு. அந்த மூணுல ஒண்ணுதான் அந்த மனுஷனுக்கு ஒத்துக்கிச்சு. மிச்ச ரெண்டும் அதே அப்பா அம்மாவுக்குப் பொறந்ததுங்கதான். கலப்பு நாயை வளர்க்க யாரும் முன்வரலைன்னதும் 'லேப்ரடூடில்'னு புதுப்பேர் வெச்சார், போன் மேல போன். ஆக, பிரச்சனையைத் தீர்த்தது பேர்தான். 2019ல ஒரு பேட்டியில அவரே இதைச் செஞ்சிருக்க வேண்டாம்னு வருத்தப்பட்டார்.

சரி, அலர்ஜி எங்கேர்ந்து வருது? முடியிலேர்ந்து இல்லைங்க. நாயோட எச்சில், தோல் செதில் இதுல இருக்கிற புரதங்கள்தான் காரணம். முக்கியமான ஒண்ணுக்கு கேன் எஃப் 1னு பேர். நாய் உடம்பை நக்கும், அது முடியில ஒட்டும், காய்ஞ்சு பறக்கும். 2012ல நெதர்லாந்துல, அலர்ஜி தராதுன்னு பேர் வாங்கின லேப்ரடூடில், பூடில் மாதிரி நாய்களோட முடியைச் சோதிச்சுப் பார்த்தாங்க. மத்த நாய்களை விட அதுங்க முடியிலதான் இந்தப் புரதம் அதிகம். நியாயமா இதையும் சொல்லிடறேன், லேப்ரடூடில் இருக்கிற வீட்டுத் தரைத் தூசியில கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு. ஆனா காத்துல வித்தியாசம் இல்லை. பையன் மூச்சு விடறது காத்துலதானே?

இன்னொரு விஷயம் யாருமே சொல்றதில்லை. கொட்டாத முடி எங்க போகும்? நாய் மேலேயேதான் இருக்கும். வளரும், உதிர்ந்த முடியும் சுருளுக்குள்ள மாட்டிக்கிட்டு சிக்கு விழும். தினம் தோல் வரைக்கும் சீப்பு போடணும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருதடவை வெட்டணும். பாரிஸ்ல அதுக்குக் கடை இருக்கு. இங்க ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர்கிட்ட போய் "என் நாய்க்கு கட்டிங்"னு கேட்டா எப்படி இருக்கும்? சித்திரை வெயில், கசகசன்னு உப்புக்காத்து, ஐப்பசி கார்த்திகையில நாள் கணக்குல காயாத ஈரம். அந்தச் சடைக்குள்ள உண்ணி குடும்பம் நடத்தும், தொங்கு காதுல சீழ் புடிக்கும். நாட்டு நாய்க்கு முடி கொட்டத்தான் செய்யும், ஒத்துக்கறேன். தொடப்பத்தை எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தா போச்சு.

2003ல ஹட்ச் விளம்பரம் வந்தப்புறம் பக் நாய்க்கு அலைஞ்சோமே, ஞாபகம் இருக்கா? மூக்கே இல்லாத அந்த ஜீவனை நம்ம வெயில்ல கொண்டாந்து இரைக்க வெச்சோம். அதே பாட்டுதான், இப்ப ராகம் வேற.

அக்காகிட்ட நான் சொன்னது இதான். முதல்ல டாக்டர்கிட்ட காட்டி, பையனுக்கு நாய் அலர்ஜி இருக்கான்னு பாரு. வீசிங் எல்லாமே நாயால வர்றதில்லை. டாக்டர் சரின்னா, எந்த நாயை வாங்கப் போறியோ அதே நாயோட நாலைஞ்சு தடவை அவனை உட்கார வை. ஜாதியை நம்பாதே, அந்த ஒரு நாயைப் பாரு. விக்கிறவருக்கு இதுக்கு மனசு இல்லைன்னா அவர் சத்தியத்தோட மதிப்பு தெரிஞ்சிடும். 2017 விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவும் கூடாது, வளர்த்து விக்கிறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், அதையும் கேளு. நாட்டு நாயா இருந்தாலும் இதே சோதனைதான், அதுக்கும் எச்சில் உண்டு. ஒத்துக்கிச்சுன்னா திண்ணையில படுக்கட்டும், பையன் படுக்கிற ரூமுக்குள்ள மட்டும் விடாதே.

அக்கா இன்னும் பதில் சொல்லலை. மாமா என்கூட பேசறதில்லை, ஹிஹி.

படிக்கிறவங்கள்ல யாராவது ஏற்கனவே வாங்கியிருந்தா திட்டாதீங்க, நாய் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை, நல்ல புத்திசாலிங்க. முடியை அழகுக்குன்னு நீளமா விடாம ஒட்டக் கத்தரிச்சு வைங்க. மேலாக சீவாம அடியிலேர்ந்து சீவுங்க. குளிப்பாட்டினா காதுக்குள்ள வரைக்கும் துடைச்சு விடுங்க. மழைக்காலத்துல தினமும் விரலிடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க.