விஞ்ஞான விளக்கம்: அசையும் தீபம்

நம் காளஹஸ்தியில் வாயுலிங்க சந்நிதியில் நின்று தரிசித்தவர்கள், கருவறைத் தீபம் அசைந்துகொண்டே இருப்பதைக் கண்டிருப்பார்கள். காற்றை யாரும் காண்பதில்லை. சுடரின் அசைவைக் கொண்டே அறிகிறோம். மூளையின் வேலையைப் படம் பிடிக்கும் காந்த யந்திரமும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறது.

மூளையில் ஒரு பகுதி வேலை செய்யுங்கால் பிராணவாயு நிறைந்த ரத்தம் அங்கே தேவைக்கு மேலாகவே பாய்கிறது. பிராணவாயுவை இழந்த ரத்தம் காந்தப் புலத்தைச் சற்றுக் கலைக்கும். நிறைந்த ரத்தம் அவ்விதம் கலைக்காது. இவ்வேற்றுமையைக் கொண்டே படம் எடுக்கலாம் என்று 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஸெய்ஜி ஒகாவா அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் காட்டினார்.

ஆனால் அந்த மாறுதல் நூற்றில் சில பங்குதான். மூச்சும் நாடித்துடிப்பும் தலையின் சிறு அசைவும் கூடச் சுடரை ஆட்டிவிடும். மெய்யான அசைவு எது, பொய்யானது எது என்று பிரித்தறிவதே பெரும் பாடு. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 2009-இல் செத்த சால்மன் மீன் ஒன்றை யந்திரத்தினுள் கிடத்தி, மனிதர்களின் படங்களைக் காட்டினர். என்ன வேடிக்கை! மீனின் மூளை வேலை செய்வதாகக் கணக்கு வந்தது. மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்துச் சோதிக்கையில், தற்செயலாகவே சில கட்டங்கள் ஒளிர்ந்துவிடும். அதற்கேற்பக் கணக்கைத் திருத்தியதும் அவ்வொளி மறைந்தது.

கணக்கைக் கடுமையாக்கினால் மட்டும் போதாது. மெய்யானதும் அதனோடு மறைந்துவிடக்கூடும். ஆகவே ஒரே துடிப்புக்குப் பின் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுக்கும் முறை வந்துள்ளது. ரத்தத்தால் நேரும் மாறுதல், படம் எடுக்கத் தாமதிக்கத் தாமதிக்க ஓர் ஒழுங்கில் வளரும். தலை அசைவால் நேரும் பல பிழைகள் அவ்விதம் வளர்வதில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வலிப்பு நோய்க்கோ கட்டிக்கோ மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யுமுன், பேச்சுக்குரிய இடம் எது என்று அறிய இப்படம் உதவுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்து மருத்துவர்கள் வலிப்பு நோயில் இதன் பயனைப் பற்றி 2008-இல் எழுதியிருக்கிறார்கள். நோயாளி மனத்துக்குள் சொற்களை நினைப்பார். அப்போது ஒளிரும் இடத்தைக் கத்தி தொடாமல் காக்க முயல்வார்கள்.

எந்த மொழியின் சொற்கள்? வயது வந்தபின் கற்ற இரண்டாம் மொழி, முன்மூளையின் பேச்சுப் பகுதியில் தாய்மொழிக்கு அருகே தனியிடம் கொள்வதாக 1997-இல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினர். குழந்தையிலேயே இரண்டையும் கற்றவர்க்கு இடம் ஒன்றே என்றும் கண்டனர். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக வாழும் நம்மவர் ஒருவருக்கு இச்சோதனை நேருமாயின், தாம் பேசும் மொழிகள் இவை, இன்ன வயதில் கற்றேன் என்று மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். யந்திரத்தினுள் தலையை மட்டும் அசைக்கலாகாது.