ஒரே சிப்பியை உடைத்து முத்துப்பாருக்கு விலை சொல்கிறவர்கள்

புதிதாக ஒரு செஸ் எஞ்சின் வெளியானால் போதும். அன்று சாயங்காலமே யாராவது ஒரு புண்ணியவான் அதை இறக்கி, லேப்டாப்பில் ஏற்றி, டொபலோவ்–ஷிரோவ் பொசிஷனைக் கொடுத்து, முப்பது வினாடி காத்திருந்து தீர்ப்பு எழுதிவிடுகிறார். கண்டுபிடித்தால் சூப்பர் எஞ்சின். கண்டுபிடிக்காவிட்டால் டப்பா. கீழே நாற்பது பேர் வந்து, என் கம்ப்யூட்டரில் எட்டே வினாடி, உன்னுடையது என்ன ஓட்டை மெஷினா என்று சண்டை போடுகிறார்கள். இதற்குப் பெயர் பரிசோதனையாம்!

கீழவைப்பார் பக்கம் போய் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். வைப்பாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவர் ஊர் அது. அடுத்த ஊரின் பெயரே சிப்பிகுளம். இராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் முத்துக்குளித்துறைக் கடலுக்கடியில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அதுவரை ஒரு பாரைத் திறந்துவிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு முறை இருந்தது. முன்கூட்டியே ஆட்களை இறக்கி மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துக்களை வெவ்வேறு அளவு துளைகள் உள்ள பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, விவரம் தெரிந்தவர்களை வைத்து விலை மதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அறிவிப்பு வரும். பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இருக்காது, ஏதோ ஒன்றில் மட்டும் பெரிய முத்து இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சிப்பியை உடைத்துப் பார்த்துவிட்டு, பார் முழுக்க முத்து என்றோ, பார் முழுக்கக் காலி என்றோ யாரும் சொன்னதில்லை.

செஸ் எஞ்சினுக்கு மட்டும் ஒரு சிப்பி போதுமாம்.

சரி, அந்தப் பிரபலமான சிப்பியையே எடுத்துக்கொள்வோம். 1998, லினாரஸ் போட்டி. வெள்ளை டொபலோவ், கறுப்பு ஷிரோவ். ஆளுக்கு ஒரு பிஷப், அதுவும் எதிரெதிர் நிறக் கட்டங்களில். கறுப்புக்கு நான்கு சிப்பாய், வெள்ளைக்கு இரண்டு. இரண்டு சிப்பாய் அதிகம் இருந்தாலும் எதிர்நிற பிஷப் ஆட்டங்கள் டிராவில் முடிவது சகஜம். 47-வது நகர்வில் ஷிரோவ் தன் பிஷப்பை எஃப்5 கட்டத்திலிருந்து எச்3 கட்டத்துக்குக் கொண்டுபோய் சும்மா கொடுத்தார். வெள்ளை அதை சிப்பாயால் வெட்டலாம், வெட்டினார். ஆனால் எஃப்5 காலியாகிவிட்டது. அந்த வழியாகக் கறுப்பு ராஜா உள்ளே புகுந்து ஈ4-க்கு வந்துவிட்டது. வெள்ளை ராஜாவால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. ஆறு நகர்வுகளில் டொபலோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த பிஷப் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு நகர்வு அவகாசம். அந்த ஒரு நகர்வுக்கு விலை ஒரு முழு பிஷப்!

எஞ்சின்கள் இதைப் பார்த்துப் பல ஆண்டுகள் விழித்தன. அதற்குக் காரணம் முட்டாள்தனம் என்று நினைப்பவர்களுக்கு எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. எந்த எஞ்சினும் எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பதில்லை. பார்க்க முடியாது, மரம் அவ்வளவு பெரியது. உருப்படாது என்று தோன்றும் கிளைகளைச் சீக்கிரமே வெட்டிவிட்டு, மிச்சத்தில்தான் ஆழமாக இறங்குகிறது. பிஷப்பைச் சும்மா கொடுக்கிற நகர்வு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை குப்பைதான். அதை ஒதுக்குவதால்தான் எஞ்சின் பலமாக ஆடுகிறது. ஆக, ஷிரோவின் நகர்வைத் தவறவிட்ட அதே பழக்கம்தான் மற்ற ஆயிரம் ஆட்டங்களை ஜெயிக்க வைக்கிறது. இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொன்னால் என்ன அர்த்தம்?

இன்றைய எஞ்சின்கள் அந்த நகர்வைக் கண்டுபிடித்துவிடுகின்றன என்பது வேறு விஷயம். ஆனால் 'கண்டுபிடித்தது' என்றால் என்ன? ஏழாவது வினாடியில் திரையில் பிஷப் எச்3 என்று வந்து, பதினோராவது வினாடியில் மாறி, முப்பதாவது வினாடியில் மறுபடி வந்தால் எந்த நேரத்தை எழுதுவது? நகர்வைச் சரியாகச் சொல்லிவிட்டு மதிப்பீட்டில் டிரா என்று காட்டினால் அது விடையா, குருட்டு அதிர்ஷ்டமா? இதையெல்லாம் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. அதே பொசிஷனை இரண்டாவது முறை ஓட்டும்போது முதல் முறை சேமித்துவைத்த ஹாஷ் டேபிளை அழிக்க வேண்டும், இல்லையென்றால் அது காப்பியடிக்கிற பரீட்சை. பல கோர்களில் ஓட்டினால் இன்னொரு தலைவலி: த்ரெட்டுகள் எந்த வரிசையில் முடிகின்றன என்பது ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் ஒரே எஞ்சின், ஒரே மெஷின், ஒரே பொசிஷன், ஆனாலும் ஒரு தடவை ஐந்து வினாடி, மறு தடவை ஒரு நிமிடம். ஒரு தடவை மட்டும் ஓட்டி எழுதப்பட்ட நேரத்துக்கு என்ன மதிப்பு?

'ஆழம்' என்று காட்டும் எண்ணை வைத்து இரண்டு எஞ்சின்களை ஒப்பிடுகிறவர்கள் தனி ரகம். ஒரு எஞ்சினின் 30 இன்னொன்றின் 30 கிடையாது. கிளைகளை அதிகம் வெட்டுகிற எஞ்சின் பெரிய எண்ணைக் காட்டும். ரிப்கா தன் காலத்தில் உண்மையான ஆழத்தையும் நோடுகளின் எண்ணிக்கையையும் குறைத்தே காட்டிக்கொண்டிருந்தது. கடலில் இரண்டு பேர் குளிக்கிறார்கள், ஒருவர் பாகத்தில் அளக்கிறார், இன்னொருவர் முழத்தில் அளக்கிறார், யார் அதிக ஆழம் போனார் என்று கரையில் நின்று பந்தயம் கட்டுகிற மாதிரி இருக்கிறது இது.

ஒற்றைப் பொசிஷன் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் பிளாஸ்கெட் புதிர். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ப்ரூகெலன் 1970-களில் அமைத்தது. 1987-ல் பிரஸ்ஸல்ஸில் ஜிம் பிளாஸ்கெட் அதை மற்ற ஆட்டக்காரர்களிடம் காட்ட, அங்கிருந்தவர்களில் மிகயீல் தால் விடையைக் கண்டுபிடித்தார் என்பது செஸ் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. 2022-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை இதே புதிரை ஸ்டாக்ஃபிஷுக்கும் லீலா செஸ் ஜீரோவுக்கும் கொடுத்துப் பார்த்தது. ஸ்டாக்ஃபிஷ்தான் நன்றாகச் செய்தது. அப்படியானால் லீலா மட்டமா? 2019-லும் 2020-லும் டிசிஇசி எஞ்சின் போட்டியின் இறுதிச் சுற்றில் இதே லீலா ஸ்டாக்ஃபிஷைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கியிருக்கிறது! நியூரல் நெட்வொர்க் சொல்லும் யூகத்தை நம்பி, குறைவான பொசிஷன்களை மட்டும் பார்க்கிற எஞ்சின் அது. விசித்திரமான தியாகங்களை அந்த யூகம் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஆனால் விசித்திரம் இல்லாத சாதாரண பொசிஷன்களில் யார் மேல் என்பதுதானே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது?

எதிர்த்திசையிலும் இதே கூத்து உண்டு. 2017-ல் பென்ரோஸ் இன்ஸ்டிடியூட் ஒரு பொசிஷனை வெளியிட்டது. கறுப்புக்கு மூன்று பிஷப்புகள், காய்கள் ஏராளம், ஆனால் எதுவும் நகர வழியில்லாமல் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. மனிதன் பார்த்தால் டிரா. அப்போதைய எஞ்சின்கள் கறுப்புக்குப் பெரும் சாதகம் என்று எண் காட்டின. உடனே, பார்த்தீர்களா, மனித மூளையில் கம்ப்யூட்டருக்கு எட்டாத ஏதோ இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்த எஞ்சினோடு அதே பொசிஷனில் ஆடிப் பார்த்தால் வெள்ளையில் அது பேசாமல் ராஜாவை அங்குமிங்கும் நகர்த்தி டிரா செய்துகொள்ளும். எண் தப்பு, ஆட்டம் சரி. அந்த எண்ணை வைத்துத்தான் மனித மூளைக்கு மகுடம் சூட்டினார்கள்.

கடினமான பொசிஷன்களே வேண்டாம் என்பதல்ல வாதம். 1982-ல் வந்த பிராட்கோ–கோபெக் டெஸ்டில் 24 பொசிஷன்கள் இருந்தன. ஃப்ரெட் ரைன்ஃபெல்டின் புத்தகத்திலிருந்து எடுத்த 300 பொசிஷன்களில்தான் பல புரோகிராமர்கள் தங்கள் முதல் எஞ்சினைச் சோதித்தார்கள். ஒரு பொசிஷனில் எஞ்சின் உளறினால் எங்கோ பக் இருக்கிறது என்று தெரியும். அந்த அளவுக்கு அது உபயோகம். ஆனால் எது பலமான எஞ்சின் என்ற கேள்விக்கு ஸ்டாக்ஃபிஷ் எழுதுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2013-லிருந்து ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாடு நடக்கிறது. உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டரை இரவல் கொடுக்கிறார்கள். ஒரு வரி மாற்றினாலும் பழையதையும் புதியதையும் பல்லாயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்டு, வித்தியாசம் தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் சொன்ன பிறகே ஏற்றுக்கொள்கிறார்கள். அழகான தியாகங்களைக் கண்டுபிடிக்கிற எத்தனையோ மாற்றங்கள் அந்தச் சல்லடையில் விழுந்து காணாமல் போயிருக்கும். அதற்காக யாரும் அழுவதில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு, யாரோ பொழுதுபோக்குக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். எஞ்சினோடு நின்றால் பரவாயில்லை. இந்தப் புத்தி மனிதர்கள்மேல் பாய்கிறது. தமிழ்நாட்டில் 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்குப் பிறகு செஸ் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. போட்டி நடக்கும் ஹாலுக்கு வெளியே செல்போனில் எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு, தோற்றுவிட்டு வரும் எட்டு வயதுக் குழந்தையிடம், இது கூடத் தெரியலையா, பிளஸ் நாலு இருந்துச்சே என்று திட்டுகிற அப்பாக்களை யாரும் பார்த்திருக்கலாம். அந்த பிளஸ் நாலு, இருபது நகர்வு தள்ளி இருக்கும் ஏதோ ஒரு கணக்கு. அப்பாவுக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது. குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். இதற்கு நடுவில் ஒரு பெட்டியில் ஏறி இறங்கும் எவால்யுவேஷன் பார் வேறு. (முத்துப்பாருக்கும் இந்தப் பாருக்கும் சம்பந்தமில்லை. அதில் முத்தாவது இருந்தது.)

மெஷினின் ஆழத்தை நம்பிக் கெட்டவர்களில் முதல்வர் காஸ்பரோவ்தான். 1997, நியூயார்க், டீப் புளூவோடு இரண்டாவது ஆட்டம். 45-வது நகர்வில் காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். தொடர் செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது என்பதை மறுநாளே மற்றவர்கள் காட்டினார்கள். வினாடிக்கு 20 கோடி பொசிஷன் பார்க்கிற மெஷின் இவ்வளவு எளிய டிராவை விட்டுவைத்திருக்காது என்ற எண்ணம் ஒரு உலக சாம்பியனையே தேடவிடாமல் செய்தது. மெஷினும் அதைத் தவறவிட்டிருந்தது.

2010-ல் சோஃபியா. ஆனந்தை எதிர்த்து டொபலோவ் தயாரானது 112 கோர் கொண்ட ரிப்கா கிளஸ்டரோடு. ஆனந்தோ ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் இல்லாமல் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து ரோடு வழியாகவே போய்ச் சேர்ந்தார். கடைசி 12-வது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஜெயித்துப் பட்டத்தை வைத்துக்கொண்டார். இந்த ஒரு மேட்சை வைத்து எஞ்சின் உதவாது என்று சொன்னால் அதுவும் ஒரு சிப்பி உடைக்கிற வேலைதான். ஆனந்த் எஞ்சினைப் பயன்படுத்தாதவர் இல்லை. 2008-ல் பானில் கிராம்னிக்கை வீழ்த்திய தயாரிப்பில் எஞ்சினுக்கும் பங்கு உண்டு. எதற்குக் கேட்பது, எதற்குக் கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இன்னும் ஒரு படி மேலே போனார். 2500 ரேட்டிங்கைத் தாண்டும் வரை பையனை எஞ்சின் பக்கமே விடவில்லை. ஊரே எஞ்சினில் விழுந்து கிடந்தபோது! குகேஷ் 2019 ஜனவரியில், பதின்மூன்று வயது ஆகும் முன்பே கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14-வது ஆட்டம். டிங் லிரென் 55-வது நகர்வில் ரூக்கை எஃப்2-க்கு நகர்த்தினார். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் பார் ஒரே பாய்ச்சலில் கறுப்புப் பக்கம் போனது, அடுத்த நொடியே எல்லோரும் மேதைகள் ஆனார்கள். குழந்தைத்தனமான தப்பு, இதற்கெல்லாமா உலக சாம்பியன் பட்டம் என்றார்கள். முன்னாள் சாம்பியன் கிராம்னிக்கே அந்தப் பாட்டில் சேர்ந்துகொண்டார். ஆட்டம் முடிந்ததும் குகேஷ் சொன்னது வேறு: அந்தத் தப்பு தன் கண்ணில் உடனே படவில்லை, ரூக்கை பி3-க்கு நகர்த்த இருந்தபோதுதான் டிங்கின் பிஷப் சிக்குவதைக் கவனித்தேன் என்றார். பிறகு ரூக்கை வெட்டி, பிஷப்பை டி5-ல் மாற்றிக்கொண்டால் மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் ஜெயிக்குமா என்று எண்ணிப் பார்த்தார். 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது.