பார்க்காமல் அறுக்க இனி நியாயமில்லை

அமெரிக்காவின் ஒரீகான் மாநிலத்தில் பிடித்து அடைத்த காட்டுப் பெண் குதிரைகளின் சினைப்பைகளை அறுத்தெடுக்க, அந்நாட்டு நில மேலாண்மைத் துறை 2018-ல் திட்டமிட்டது. உடன் இருந்த கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது, நவம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, திட்டம் கைவிடப்பட்டது. ஆண்டுக்கு 15 முதல் 20 விழுக்காடு பெருகும் மந்தையை வறண்ட மேய்ச்சல் நிலம் தாங்காது, ஆகவே கருத்தடை வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. என் எதிர்ப்பெல்லாம் அங்கே தேர்ந்தெடுத்த முறைக்குத்தான். உள்ளே பார்த்து அறுக்கும் வழி வந்த பிறகும் தடவிப் பார்த்து அறுக்கும் வழியை, வீட்டுக் குதிரையாயினும் காட்டுக் குதிரையாயினும், தொடரக் கூடாது.

தடவிப் பார்த்து அறுக்கும் பழைய முறையில், பிறப்புறுப்பின் உட்சுவரைக் கீறி வயிற்றுக்குள் கைவிட்டு, சினைப்பையை விரலால் அடையாளம் கண்டு, சங்கிலிக் கருவியால் நசுக்கித் துண்டிக்கிறார்கள். சங்கிலிக்குள் குடல் சிக்கினாலோ, உள்ளே ரத்தம் கசிந்தாலோ கண்ணுக்குத் தெரியாது. கீறலைத் தைப்பதும் வழக்கமில்லை. அது ஆறும்வரை குடல் வெளியே சரியும் ஆபத்து உண்டு. அதனால்தான் பழக்கிய குதிரையைச் சில நாள் படுக்கவிடாமல் கட்டி நிறுத்துகிறார்கள். காட்டுக் குதிரையை அப்படிக் கட்ட முடியுமா? உள்ளே பார்த்து அறுக்கும் லேப்ராஸ்கோபி முறையில் குதிரை நின்றபடியே இருக்கும். தூக்க மருந்து கொடுத்து, விலாவுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள பசிக்குழியை மரத்துப்போகச் செய்து, சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைக்கிறார்கள். சினைப்பையைத் தாங்கும் தசைநாரிலும் மரப்பு மருந்தேற்றி, ரத்தக் குழாய்களைச் சூட்டால் அடைத்துவிட்டே வெட்டுகிறார்கள். முழு மயக்கமும் தேவையில்லை. குதிரைக்கு அது சிறிய நன்மை அல்ல: 2002-ல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், வயிற்றுவலி அல்லாத காரணங்களுக்காக முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குதிரைகளிலேயே 100-க்கு ஏறத்தாழ ஒன்று இறந்தது. கிடத்தினால் தன் எடையே தசையையும் நுரையீரலையும் அழுத்தும். தடுமாறி எழும்போது காலும் முறியலாம். (சினைப்பையில் கட்டி வந்த குதிரைக்கு இந்தச் சிகிச்சை மறுக்க முடியாதது. முரண்டு பிடிக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்க நினைப்போர் முதலில் சினைப்பருவத்தை அடக்கும் மருந்தைச் சோதித்துப் பார்க்கட்டும். சினைப்பை போன பிறகும் சில குதிரைகள் சினைப்பருவ அறிகுறி காட்டுகின்றன.)

பழைய முறை மலிவு, அனுபவமுள்ள கை சில நிமிடங்களில் முடித்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கான விலையைக் கொடுப்பது குதிரை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழுவும், நீடித்த ரத்தப்போக்கையும் வயிற்று உறைத் தொற்றையும் சுட்டி, சினைப்பை நீக்கம் களத்துக்கு உகந்ததல்ல என்று 2013-லேயே சொல்லியிருந்தது. வலுவான ஆட்சேபம் வேறொன்று: மனிதக் கை பட்டறியாத குதிரையை நிற்கவைத்து லேப்ராஸ்கோபி செய்ய இயலாது, அதற்கான அறுவை அரங்கமும் களத்தில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் குதிரைக்குக் கத்தியே வேண்டாம். மேரிலாந்தின் அசடீக் தீவில் 1994 முதல் பல ஆண்டுகள் கருத்தடை ஊசியைத் தொலைவிலிருந்து எய்தே மந்தையைக் கட்டுப்படுத்தினார்கள். அது சிறிய தீவு, நெவாடா போன்ற மாநிலத்தின் பரந்த நிலத்தில் ஒவ்வொரு குதிரையாகத் தேடிப்போய் எய்ய முடியாது என்பது சரியே. ஆனால் அங்கே ஹெலிகாப்டரால் விரட்டி, குதிரைகளைக் கூண்டுப் பாதையில் ஏற்கெனவே நிறுத்தத்தான் செய்கிறார்கள். நிறுத்திய இடத்திலேயே கோனாகான் என்னும் கருத்தடைத் தடுப்பூசியைப் போடலாம். இரண்டாம் தவணையும் போட்டால் பலன் பல ஆண்டுகள் நீளும். துறை தன் பணத்தை அந்த இரண்டாம் தவணைக்கு ஒதுக்கட்டும்.