மண்டபம் பெரிசு, பந்தி சின்னது: மீனம்பாக்கம் முதல் பரந்தூர் வரை

2023 ஏப்ரல் 8-ம் தேதி மீனம்பாக்கத்தில் புது டெர்மினலைப் பிரதமர் திறந்து வைத்தார். முதல் கட்டத்துக்கே 1,260 கோடி ரூபாய். கோலம், புடவை, கோயில் என்று உள்ளே ஏகப்பட்ட அலங்காரம். வருஷத்துக்கு 2.3 கோடி பேரைத் தாங்கிய நிலையம் இனி 3 கோடி பேரைத் தாங்கும் என்றார்கள். நல்லது. ஆனால் ஒரு சந்தேகம். கட்டடம் பெரிசானால் விமானம் அதிகம் இறங்குமா?

இறங்காது. இந்த ஒரு விஷயத்தில்தான் நம்ம ஊர்ப் பேச்சு முழுக்கக் குழம்பிக் கிடக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்குங்க. ஆயிரம் பேர் உட்காரும் ஹால், ஏ.சி., சரவிளக்கு எல்லாம் உண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் ஒரு பந்திக்கு எண்பது இலைதான். ஹாலை இன்னும் ரெண்டு மடங்காக்கினாலும் பந்தி வேகமா நகராது, படிக்கட்டில் நிற்கும் கூட்டம்தான் ஏறும். டெர்மினல் என்பது அந்த ஹால். ஓடுபாதைதான் பந்தி.

மீனம்பாக்கத்தில் ஓடுபாதை ரெண்டு. பெரியது மூன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சின்னது அதைக் குறுக்கே வெட்டிப் போகிறது. இப்படிக் குறுக்கே வெட்டும்போது ரெண்டையும் தனித்தனிப் பாதையாக முழு வீச்சில் ஓட்ட முடியாது. ஒன்றில் விமானம் வந்தால் மற்றதில் காத்திருக்க வேண்டும். அதாவது பேருக்கு ரெண்டு, கணக்குக்கு ஒண்ணேகால்னு வெச்சுக்கலாம் :-)

ஒரு பாதையில் மணிக்கு எத்தனை விமானம் என்பதை ரெண்டு விஷயம் தீர்மானிக்கிறது. இறங்கிய விமானம் எவ்வளவு சீக்கிரம் பாதையை விட்டு விலகுகிறது என்பது ஒன்று. சாய்வாக வெட்டி அமைத்த வெளியேறும் பாதைகள் இருந்தால் வேகம் முழுசாகக் குறையும் முன்பே விலகிவிடலாம், சில விநாடி மிச்சம். இன்னொன்று, முன்னால் போகும் விமானம் காற்றில் கிளப்பிவிடும் சுழல். ஒரு பெரிய விமானத்துக்குப் பின்னால் நடுத்தர விமானம் வந்தால் சர்வதேச விதிப்படி 5 கடல் மைல், அதாவது 9 கி.மீ. இடைவெளி விட வேண்டும். இறங்கும் வேகத்தில் அது ரெண்டு நிமிஷம். இந்த ரெண்டு நிமிஷத்தை எந்தச் சரவிளக்கும் குறைக்காது.

இருக்கிறதைக் கசக்கிப் பிழிய முடியும் என்பதற்கு மும்பை சாட்சி. அங்கேயும் குறுக்கே வெட்டும் ரெண்டு பாதைதான். அதை வைத்தே மணிக்கு 46 வரை ஓட்டுகிறார்கள். 2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 விமானம். லண்டன் கேட்விக்கில் ஒரே பாதையில் மணிக்கு 55. சென்னை இதற்கெல்லாம் கீழேதான் நிற்கிறது. ஆக, புது ஊர் தேடுவதற்கு முன்னால் பழைய வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.

அடுத்தது, அந்தப் பந்தியில் யார் உட்காருகிறார்கள்? 70 பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானமும் 220 பேர் ஏறும் ஏர்பஸ்ஸும் பாதையில் எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தரையிறங்கும் கட்டணம் எடையைப் பொறுத்தது. போதாததற்கு, 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு அந்தக் கட்டணமே இல்லை என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்த சலுகை. சின்ன ஊர்களுக்கு விமானம் போகணும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது, தப்பே சொல்லலை. மத்தியானம் 2 மணிக்கு அந்தச் சலுகை சரி. காலை 8 மணிக்கும் அதே சலுகை என்றால், தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரில் இலவச பார்க்கிங் கொடுக்கிற கதைதான்.

பொருளாதாரம் படிக்கிற முதல் வருஷப் பையன்கூடச் சொல்வான்: நெரிசல் நேரத்துக்கு அதிக விலை வை, எடைக்கு வைக்காதே. அதைச் செய்யப் பல விமான நிலையங்களுக்கு மனசு வருவதில்லை. ஏற்கெனவே ஒரு நேரத்தை வைத்திருக்கும் நிறுவனம் அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்திவிட்டால் அடுத்த பருவத்திலும் அது அவர்களுக்கே. இதுதான் உலகம் முழுக்க நடைமுறை. பாட்டன் காலத்து வாடகை வீடு மாதிரி. காலி செய்ய மாட்டான், வாடகையும் ஏறாது.

ரயிலை மறந்துவிட்டுப் பேசுவதும் ஒரு வேடிக்கை. டெர்மினல் திறந்த அதே நாளில் பிரதமர் சென்னை - கோவை வந்தே பாரத்துக்கும் கொடி அசைத்தார். 495 கி.மீ., ஆறு மணி நேரத்துக்குள். விமானத்தில் ஒரு மணி நேரம்தான், சரி. வீட்டிலிருந்து கிளம்பி, ரெண்டு மணி நேரம் முன்னாடி போய் நின்று, பீளமேட்டில் இறங்கி ஊருக்குள் போவதையும் கூட்டிப் பாருங்கள், மிச்சம் பெரிசாக ஒன்றும் இல்லை. பெங்களூருக்கும் இதே கணக்கு. அந்த ரெண்டு ஊருக்கும் ரயிலில் இன்னும் நாலு ஜோடி வேகமான வண்டி விட்டால், ஓடுபாதையில் சிமென்ட் போடாமலே இடம் கிடைக்கும்.

"தேவை ஏறிக்கிட்டே இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சென்னைக்கு அது உண்மையா? 2018-19 நிதியாண்டில் மீனம்பாக்கத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.25 கோடி. 2024-25லும் 2.2 கோடி சொச்சம்தான். நடுவில் கொரோனா வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதே கொரோனா பெங்களூருக்கும் வந்ததே! அவர்கள் 3.3 கோடியிலிருந்து 4.1 கோடிக்கு மேல் போய்விட்டார்கள். இதை ரெண்டு விதமாகப் படிக்கலாம். சென்னையில் தேவை ஏறவே இல்லை, ஆகவே இன்னொரு நிலையம் வீண் என்று ஒன்று. இடமில்லாததால் வரவேண்டியவர்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போய்விட்டார்கள் என்று இன்னொன்று. கடை வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனவன் கல்லாப்பெட்டிக் கணக்கில் வரமாட்டான். நான் ரெண்டாவது பக்கம். ஏனென்றால் வருஷ மொத்தத்தை வைத்து விமான நிலையத்தை அளக்கக் கூடாது, காலை 6லிருந்து 9 மணி வரை என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் அளக்கணும். தவிர, இங்கே ஒரு விமான நிலையம் கட்டிமுடிக்க ஆகும் காலம் சாமானியமில்லை. நவி மும்பைக்கு யோசனை வந்தது 1990களில், திறப்பு விழா 2025 அக்டோபரில்.

அதனால் சென்னைக்கு இன்னொரு நிலையம் வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை. என் சண்டை பரந்தூரைச் செய்யும் விதத்தோடு.

2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. அப்போது சொன்ன செலவு 20,000 கோடி. கடைசிக் கட்டத்தில் வருஷத்துக்கு 10 கோடி பயணிகளாம். நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஏகனாபுரம், நாகப்பட்டு, நெல்வாய் என்று ஊர் ஊராகப் போகிறது. ஏகனாபுரத்துக்காரர்கள் அந்த வருஷமே போராட ஆரம்பித்தார்கள். ஆயிரம் நாளைத் தாண்டியும் விடவில்லை. நடுவில் 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது.

இதே படத்தை வேறு ரெண்டு ஊரில் ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள். கனடாவில் மான்ட்ரியலுக்கு வெளியே 55 கி.மீ. தள்ளி மிராபெல் என்று ஒன்று. 97,000 ஏக்கரை விவசாயிகளிடமிருந்து எடுத்து 1975ல் திறந்தார்கள். வெளிநாட்டு விமானம் மிராபெலில், உள்நாட்டு விமானம் பழைய டோர்வலில். போட வேண்டிய ரயில் கடைசிவரை வரவில்லை. ஒன்றில் இறங்கி மற்றதற்கு ஓடுவதற்குப் பதில் ஜனங்கள் டொராண்டோ வழியாகப் போனார்கள். 2004ல் கடைசிப் பயணிகள் விமானம், 2014ல் டெர்மினலை இடிக்க ஆரம்பித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை நடுவிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று டோக்கியோவின் நரிட்டா. 1966ல் விவசாயிகளைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள். 1978ல் திறப்பதற்குள் உயிர்ப்பலிகள் நடந்து முடிந்திருந்தன. ரெண்டாவது பாதை 2002ல்தான் வந்தது, அதுவும் விற்க மறுத்தவர்களின் நிலத்தால் 2,180 மீட்டராகச் சுருங்கி. கடைசியில் அரசே மன்னிப்புக் கேட்டது. ஆக, ஜனங்களைக் கேட்பது தர்மத்துக்காக மட்டும் இல்லை. கேட்காமல் போனால் ஓடுபாதையே குட்டையாகிவிடுகிறது!

பரந்தூர் சென்னை மையத்திலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. மீனம்பாக்கமும் தொடர்ந்து நடக்குமாம். அப்படியானால் எந்த விமானம் எங்கே? துபாயிலிருந்து பரந்தூரில் இறங்கியவர் மதுரைக்கு மீனம்பாக்கம் போகணுமா? பூந்தமல்லியிலிருந்து மெட்ரோவை நீட்டுவதற்கு விரிவான திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது, ஆனால் ஊர் ஊராக நின்று வரும் மெட்ரோ 70 கி.மீ. தூரத்துக்குச் சரியான வண்டி இல்லை. இதற்கு விடை சொல்லாமல் நிலத்தை மட்டும் முதலில் எடுப்பதுதான் மிராபெல் பாணி.

எனக்கு இன்னும் பெரிய கவலை தண்ணீர். மீனம்பாக்கத்துச் சின்ன ஓடுபாதையை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டினார்கள். 2015 டிசம்பரில் ஆறு உள்ளே வந்தது. நிலையத்தைப் பல நாள் மூடினார்கள், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் ஓட்ட வேண்டிவந்தது. பரந்தூர்த் திட்டப் பகுதியில் ஏரிகளும் நன்செய்யும் கணிசம். பாலாற்றுப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் அதற்குள்தான் ஓடுகிறது. அதைத் திருப்பிவிட்டால் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எந்த ஊர் வழியாகப் போகும், எந்த ஏரி காயும் என்பதை வரைபடத்தோடு, கணக்கோடு, தமிழில் எழுதி முதலில் ஏகனாபுரம் கிராமசபையில் வைக்கட்டும். நிலம் எடுக்கும் நோட்டீஸ் அதற்குப் பிறகு போகட்டும். அதுவரைக்கும் மீனம்பாக்கத்தில் காலை 8 மணிக்கு இறங்குபவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம்.