வாசல் ஒருவர் கையில்

2022 மார்ச்சில் வெனிசுவேலாவில் பலருக்கு மெட்டாமாஸ்க் என்னும் கிரிப்டோ பணப்பை திடீரென முடங்கியது. அது இணையும் எத்தீரியம் தொகுதிச்சங்கிலி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது; பணப்பைக்கும் சங்கிலிக்கும் இடையில் நின்ற இன்ஃபுரா நிறுவனம், அமெரிக்கத் தடைகளையொட்டி அமைப்புகளை மாற்றியபோது, தேவைக்கு மேல் அடைத்துவிட்டது. பதிவேட்டை ஆயிரக்கணக்கான கணினிகளில் பரப்பிவிட்டு வாசலை ஒருவர் கையில் கொடுத்தால் அது என்ன பரவலாக்கம்? இதற்கு மாறாக, தரவை அழிக்கமுடியாதபடி சேமிக்கும் ஆர்வீவ் வலையமைப்பில் நுழைவாயிலை யாரும் நடத்தலாம். எதைக் காட்டுவது, எதை மறுப்பது என்பது அந்தந்த நடத்துநரின் முடிவு. இதுவே சரியான வழி என்பேன். ஆனால் குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படம் ஒன்று அந்த அழிக்கமுடியாத சேமிப்பில் ஏறிவிட்டால், தன் வாசலில் மட்டும் மறைத்துவிட்டு நடத்துநர் கைகழுவக் கூடாது. அடுத்த வாசல்காரர்களுக்கும் உடனே சொல்ல வேண்டும். மற்றபடி எதை மறுத்தாலும், காரணத்தைப் பயனர் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும்.